ஜோசியர் வீட்டு லேப்டாப்

ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் சர்வீஸ் பிரிவின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நீக்கினால் சண்டைக்கு வந்துவிடுவேன் என்ற பயமாக இருக்கலாம். போன மாதம் அதில் ஒரு செய்தி வந்தது. இனி லேப்டாப்பைப் பார்க்க யாரும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லையாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே இணையம் வழியாகச் சோதித்துவிட்டு, தேவைப்பட்டால் போர்டை மாற்றிக் கூரியரில் அனுப்பிவிடுவார்களாம். கீழே எல்லோரும் கைதட்டும் படங்களாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், "மல்லிகா மேடம், நேரில் போனால்தான் பிடிபடும் என்கிற மாதிரி ஒரு ஃபால்ட்டாவது உங்கள் சர்வீஸில் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தாள். கிண்டலாகக் கேட்டாளோ, நிஜமாகவே கேட்டாளோ தெரியாது. எப்படிக் கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. கட்டை விரலால் கைபேசியில் அடித்து மாளாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, தேனாம்பேட்டையில் அண்ணா சாலைக்குப் பின்பக்கம் இருந்த அந்தச் சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். எண்பதுகளின் கடைசி அது. சர்வீஸில் நான் ஒருத்திதான் பெண். முதலில் போன் எடுக்க வைத்தார்கள். பிறகு பிரிண்டர் ஹெட் துடைக்க வைத்தார்கள். மானிட்டரில் இரண்டு முறை ஷாக் அடித்த பிறகு என்னையும் என்ஜினீயர் என்று ஒப்புக்கொண்டார்கள். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

மிச்சமெல்லாம் தாவூத் சார். அவர்தான் எங்கள் சர்வீஸ் மேலாளர். திருவல்லிக்கேணிக்காரர். கத்தவே மாட்டார். ஆனால் ரிப்போர்ட்டில் "குறை எதுவும் காணப்படவில்லை" என்று யாராவது எழுதிக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"இன்னாமா இது? குறை இல்லன்னா அந்த மனுசன் இன்னாத்துக்கு ஆட்டோ புடிச்சி மெஷினைத் தூக்கிக்கினு வர்றான்? பொழுது போவலியா அவனுக்கு? 'எனக்குத் தெரியல'ன்னு எழுது. எழுதி, கீழ உன் பேரைப் போடு."

அப்படி எழுதிப் பேர் போட யாருக்குத்தான் மனம் வரும்? மறுபடியும் போய்ப் பார்ப்போம். அவர் மெஷினைப் பார்க்கிற விதமே தனி. வாடிக்கையாளர் சொல்லி முடிக்கிற வரை ஸ்க்ரூ டிரைவர் பையை விட்டு வெளியே வரக் கூடாது. பிறகு மெஷினைப் போட்டு ஓடவிட்டு, புறங்கையை அதன் மேலும் கீழும் பக்கவாட்டிலும் வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரக் குழந்தைக்கு வைத்துப் பார்க்கிற மாதிரி. பிறகு காற்று வருகிற துளையில் மூக்கை வைத்து முகர்வார். கருகின வாடை, தூசி வாடை, கரப்பான் வாடை என்று பிரித்துச் சொல்வார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கும் அந்த மூக்கு வந்துவிட்டது.

இப்போது கதைக்கு வருகிறேன். விண்டோஸ் 95 வந்து எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்த காலம். லேப்டாப் என்பதை ஊரில் பாதிப் பேர் பார்த்ததே கிடையாது. மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ராமசேஷன் என்று ஒரு ஜோசியர் இருந்தார். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் தான் உபயோகித்து ஓய்ந்த லேப்டாப்பை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். செங்கல் கனம். அதில் ஜாதகம் கணிக்கிற டாஸ் புரோகிராம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் ஜோசியர் என்று பேர் வாங்கிவிட்டார் அவர். தி.நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

கோடை வந்ததும் அந்த மெஷின் ஒரு வேலை செய்ய ஆரம்பித்தது. ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை பொசுக்கென்று இருண்டு மெஷின் அணைந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். வேறு யாராவது என்றால் எரிச்சலோடு போயிருக்கும். ஜோசியர் வீட்டில் அப்படி விட முடியுமா? கல்யாணப் பொருத்தம் பார்க்கிற நேரத்தில் மெஷின் அணைந்தால் அது அபசகுனம். இரண்டு மூன்று குடும்பங்கள் பாதியிலேயே எழுந்து போய்விட்டன.

எங்கள் ஆபீசில் சங்கர் முதலில் போனான். மெஷின் ஒழுங்காக ஓடியது. இருந்தாலும் வெறுங்கையோடு வர வேண்டாம் என்று மெமரியை மாற்றிவிட்டு வந்தான். மறு வாரமே புகார். அடுத்துப் போனவன் அடாப்டரை மாற்றினான். அவன் முன்னாலும் அது ஒழுங்காக ஓடியது. மறுபடி புகார். மெஷினை ஆபீசுக்கே தூக்கி வந்து ஏசி அறையில் நாள் முழுக்க ஓட்டினார்கள். மகாராணி மாதிரி ஓடியது.

"அதுக்கு ஏழரை நாட்டு சனி மல்லி, நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. பரிகாரம்தான் பண்ணணும்" என்றான் சங்கர். தாவூத் சார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தேன்.

ராமசேஷ மாமா என்னை வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். கூடத்தில் மேஜையைத் துடைத்து, லேப்டாப்பை நடுவில் வைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டிருந்தார்கள். அவருடைய பெண் வசுதா காபி கொண்டுவந்து வைத்தாள். நந்தனத்தில் ஓர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண். நான் மெஷினைப் போட்டேன். மாமா தன் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன்.

"எல்லாருக்கும் அணையறதும்மா, அதுகூடப் போகட்டும். என் பொண்ணுக்குப் பார்க்கறச்சேயும் அணைஞ்சுடுத்து. அதைத்தான் தாங்க முடியலே."

அடையாறிலிருந்து நல்ல இடம் வந்திருந்ததாம். பையனுக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாம். அந்தப் பெரியப்பா வந்து உட்கார்ந்து, பொருத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது மெஷின் அணைந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். மாமா கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதில், அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தடவை வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கும் அணைந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம்.

"நீங்க கையாலயே கணிச்சுடலாமே சார்? முப்பது வருஷமா அப்படித்தானே பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் சொன்னேன். 'சொந்தப் பொண்ணுக்கு நீரே கையால போட்டா, பொருந்தாததையும் பொருத்திடுவீர். மெஷின்தான் பாரபட்சம் பார்க்காது'ன்னுட்டார் அந்த மனுஷன்."

பெரியப்பா சொன்னதில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நான் புறங்கையை மெஷினின் அடியில் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புதான். முகர்ந்தேன். தூசி வாடை, கூடவே மெலிசாக எண்ணெய்ப் பிசுக்கு வாடை. கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த சின்ன விசிறியின் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. சுத்தம் செய்தேன். சூடுதான் காரணம் என்று தோன்றியது. ஆனால் அணைகிற அளவுக்குச் சூடாக அது என் முன்னால் ஆகவே இல்லை. என் கண்ணால் பார்க்காத ஃபால்ட்டைச் சரிசெய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பஸ் ஸ்டாப் வரை வசுதா கூட வந்தாள். வீட்டில் வாயே திறக்காத பெண், தெருமுனை திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பையன் எங்க ஆபீஸ்தான். ரெண்டு வருஷமாத் தெரியும். ஆத்துல தெரிஞ்சா அப்பா ஒடைஞ்சு போயிடுவார். அதான் தெரிஞ்சவா மூலமா அவா ஜாதகம் வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணினோம். இப்ப இந்த மெஷின்தான் நடுவுல நிக்கறது."

"பொருத்தமே சரியா வரலேன்னா?"

அவள் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வந்தது. "அதெல்லாம் நான் முன்னாடியே போட்டுப் பார்த்துட்டேன். அப்பா வெளில போயிருந்தப்போ மெஷினைச் சாப்பாட்டு மேஜைக்கு எடுத்துண்டு வந்து, ஃபேனைப் போட்டுண்டு, முழுசாப் பார்த்தேன். பத்துல எட்டு பொருந்தறது. ஒரு தடவைகூட அணையலே மேடம்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். என் பஸ் வந்து போனது. சாப்பாட்டு மேஜையில் அணையவில்லை. எங்கள் ஆபீஸில் அணையவில்லை. எனக்காகத் துடைத்து வைத்த மேஜையில் அணையவில்லை. அப்படியென்றால் மாமா உண்மையில் அதை எங்கே, எப்படி வைத்துக்கொண்டு ஜாதகம் பார்க்கிறார்? போன மூன்று என்ஜினீயர்களில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. நாங்கள் விருந்தாளிகள். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைச் சரிசெய்துதானே வைப்பார்கள்?

மறுநாள் போன் செய்து, "சார், ஒரு ஜாதகக்காரங்க வந்தா எப்படிப் பார்ப்பீங்களோ அப்படியே எனக்கு ஒரு தடவை பார்த்துக் காட்டுங்க" என்றேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை.

"விளக்கேத்தி வெச்சுண்டு பொய்யா ஜாதகம் பார்க்கறது நம்மாத்து வழக்கம் இல்லேம்மா. நிஜ ஜாதகம், நிஜமாப் பார்க்கணும்னு வர்றவா இருந்தாச் சொல்லு."

நிஜ ஜாதகத்துக்கு எங்கே போவது? கே.கே. நகரில் எங்கள் வீட்டு பீரோவில் ஒன்று சும்மா கிடந்தது. என்னுடையது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அந்த வயதைச் சொன்னால் என் அம்மா இன்றைக்கும் கோபித்துக்கொள்வாள். ஜாதகத்தைக் கொடு என்று நானே கேட்டதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நெசமாத்தான் கேக்கிறியாடி? கூட யாரோ பையன் ஜாதகம் வேணுமே பொருத்தத்துக்கு? உங்க அத்தை குடுத்தது ஒண்ணு எங்கிட்ட கீது, சைதாப்பேட்டைப் பையன், எடுத்துக்கினு போலாம்!" என்று தானும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இந்த முறை நாங்கள் ஜாதகம் பார்க்க வந்தவர்கள். கூடத்துக்குப் போகவில்லை, பூஜை அறையை ஒட்டிய சின்ன அறைக்குள் அழைத்துப் போனார்கள். நுழைந்ததுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மணைப் பலகை மேல் நாலாக மடித்த பட்டுத்துணி, அதன் மேல் லேப்டாப். வித்தைக்குரிய சாமானை வெறும் பலகையில் வைக்கக் கூடாது என்பது மாமாவின் கணக்கு. அடிப்பக்கத் துளைகள் எல்லாம் பட்டில் புதைந்து கிடந்தன. வலப்பக்கம், காற்று போகிற துளையை ஒட்டி, ஒரு குத்துவிளக்கு. விளக்கு அணையக் கூடாது என்பதற்காக மின்விசிறி நிறுத்தம். ஜன்னலும் சாத்தல். மே மாத மயிலாப்பூரில் அந்த அறைக்குள் மனிதர்களே அணைந்து போவார்கள்.

அது அணைவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மாமா ஒவ்வொரு பொருத்தத்துக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி நிதானமாகத்தான் போவார். அதற்குள் நான் ஆசீர்வாதம் வாங்குகிற பாவனையில் குனிந்து, மெஷினின் ஓரத்தில் புறங்கையை வைத்தேன். சுட்டது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். அம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சாமி, பையன் நல்லா வெச்சிப்பானா?" என்று கேட்டாள். மாமா வாயெடுத்தார். திரை பொசுக்கென்று இருண்டது.

"ஐயையோ! எம் பொண்ணு ஜாதகத்துல போயி இப்படி ஆயிடுச்சே!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எழுந்து நின்று, "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கை தட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்நாளில் எந்த மெஷினும் என்னை ஆக்கியதில்லை. அம்மா என்னைப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தாள். பிற்பாடு எனக்குக் கல்யாணம் ஆனது, நன்றாகவே ஆனது, சைதாப்பேட்டைப் பையனோடு அல்ல. அது வேறு சங்கதி.

மெஷினை அங்கேயே கழற்றினேன். மாமாவை அருகில் உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினேன். பிராசஸர் சூடாகும், அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோக ஒரு பசை இருக்கும், அது காய்ந்து சுண்ணாம்புக் காரையாகியிருந்தது. பழைய மெஷின் என்பதால் விசிறியும் தளர்ந்திருந்தது. இதற்கு மேல் அடியில் பட்டு, பக்கத்தில் விளக்கு. தாங்க முடியாத சூடு வந்ததும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷின் தானே அணைந்துகொண்டது. "இதுல சகுனம் ஒண்ணும் இல்லே மாமா, வெறும் புழுக்கம்" என்றேன். எப்போது சார் போய் மாமா வந்தார், எப்போது அந்த வீட்டுப் பேச்சு என் வாயில் ஒட்டிக்கொண்டது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் விளக்கை எடுக்க முடியாது என்றார். அது அக்னி மூலையில்தான் இருக்க வேண்டுமாம்.

"மெஷினுக்கு மட்டுமா மாமா அக்னி மூலை? அறைக்கும் உண்டுதானே? அந்த மூலைக்கே தள்ளி வெச்சுடுங்கோ."

யோசித்தார். சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்று தலையாட்டினார். பட்டையும் விடமாட்டேன் என்றார். மந்தைவெளியில் ஒரு தச்சரிடம் மணையின் மேல் இரண்டு ரீப்பர்க் கட்டைகள் அடித்து வாங்கி வந்தேன். கட்டைகளுக்கு இடையில் பட்டு, கட்டைகளின் மேல் லேப்டாப். நடுவில் காற்று போக வழி. புதுப் பசை பூசி, ஆபீசிலிருந்து வேறொரு விசிறி மாட்டி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, விளக்கையும் ஏற்றிவைத்து அந்த டாஸ் புரோகிராமை ஓட்டினேன். மதியம் முழுக்க அந்தப் புழுக்கத்தில் நான்தான் கரைந்தேன். மெஷின் அணையவில்லை. புறங்கையை வைத்துப் பார்த்தேன், பொறுத்துக்கொள்கிற சூடுதான். அப்போதும் இப்போதும் சொல்கிறேன், அதைவிடச் சுத்தமான வேலையை நான் செய்ததில்லை.

"வெள்ளிக்கிழமை நீயும் போய் குந்து. சரி பண்ணவங்க எதிர்ல கீறது கஸ்டமருக்கு ஒரு தெம்பு" என்றார் தாவூத் சார்.

வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்பே பெரியப்பா வந்துவிட்டார். கொஞ்சம் தள்ளிச் சுவர் ஓரமாக நான். கதவுக்குப் பின்னால் வசுதாவின் கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. மாமா பொருத்தத்தை ஓட்டினார். தினம் பொருந்தியது. கணம் பொருந்தியது. மெஷின் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஓடியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது கரண்ட் போயிற்று. அறையில் விளக்கு வெளிச்சம் மட்டும். பெரியப்பா அனிச்சையாகத் துண்டின் மேல் கை வைத்தார். பிறகு அவர் கை அப்படியே நின்றது. திரை எரிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் போயும் இது நிக்கலையே!" என்றார்.

லேப்டாப் வயிற்றில் பாட்டரி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. மாமாவுக்கும் அந்த நேரத்தில் நினைவில்லை. எனக்குத் தெரியும். அந்தப் பாட்டரி எவ்வளவு கிழடு என்பதும் தெரியும். நிதானமாக ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் படுத்துவிடும். இவ்வளவு பாடுபட்டுச் சூட்டை அடக்கியவள், மின்வாரியம் பக்கத்திலிருந்து இப்படி வரும் என்று நினைக்கவில்லை.

"மாமா, விளக்கம் அப்புறம் சொல்லிக்கலாம். பலனை மட்டும் படிச்சுடுங்கோ" என்றேன்.

"எதுக்கு அவசரப்படறே? மாஹேந்திரம்னா என்னன்னு அவாளுக்குத் தெரிய வேண்டாமா?" என்று மாமா விஸ்தாரமாக ஆரம்பித்தார். விளக்கி முடித்து ஸ்திரீ தீர்க்கத்துக்கு வந்தார். அதையும் விளக்கினார். மெஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. பாட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம்.

"என்னது அது?" என்றார் பெரியப்பா.

"பலன் நெருங்கிடுத்துன்னு சொல்றது மாமா" என்றேன் அவரிடம். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. மாமா இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, மிச்சத்தை மடமடவென்று படித்தார். இரண்டைத் தவிர எல்லாம் பொருத்தம். ரஜ்ஜு பொருந்துகிறது. "எட்டு! திவ்யமாப் பண்ணலாம்" என்று நிமிர்ந்தார்.

மெஷின் இரண்டாம் தடவை கீச்சிட்டது. அடுத்து அது அணையும். நல்ல வார்த்தை சொல்லி வாய் மூடுவதற்குள் பெரியப்பாவின் கண் முன்னாலேயே அணையும். நான் ஓர் எட்டில் போய், லேப்டாப்பின் மூடியை இரண்டு கையாலும் மெல்ல மூடி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"பலன் சொன்ன மெஷினைத் திறந்து வெச்சிருக்கக் கூடாது மாமா. அதுதான் முறை."

பெரியப்பா என்னைப் பார்த்தார், மூடிய மெஷினைப் பார்த்தார். பிறகு எழுந்து அவரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கரண்ட் போயும் நிக்காம முழுசாச் சொல்லிடுத்து. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும் ஓய்? தட்டு மாத்திக்கலாம்" என்றார். வசுதா அழுதுகொண்டே சமையலறைக்கு ஓடினாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அம்மாவோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மாப்பிள்ளை என்னைக் கும்பிட்ட கும்பிடை வேறு யாரும் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

சில வருஷம் கழித்து, மாம்பலத்தில் இன்னொரு ஜோசியர் வீட்டுக்கு வேறு வேலையாகப் போனேன். அறிமுகமில்லாதவர், என்னைவிடச் சின்னவர். வந்தவர்களுக்கு ஜாதகம் சொல்லி முடித்ததும், தன் புத்தம் புது லேப்டாப்பை இரண்டு கையாலும் மெல்ல மூடி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எதற்கு அப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பலன் சொன்ன மெஷினைத் திறந்து வைக்கக் கூடாதும்மா. மயிலாப்பூர்ப் பெரியவா எல்லாம் இப்படித்தான் பண்ணுவா" என்றார் அவர். "ரொம்பப் பழைய சம்பிரதாயம். உங்களுக்கெல்லாம் இது தெரிஞ்சிருக்க நியாயமில்லே."